இரத்த அழுத்தமும் இருதயத் தளர்ச்சியும்

சங்கக் கணக்குகளைச் சரிபார்க்கும் பணியில் உள்ள நம்மைப் போன்றவர்கள் இருதயத்தைப் பற்றி எழுதப் புகுவது அங்கத்தினர்களிற் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். இது மருத்துவர் எழுத வேண்டிய விஷயம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டைப் புரட்டியபோதுதான் இந்நோயின் தன்மை நமக்கு முதன்முதலாக விளங்கிற்று. அதன் பின்னர் மருத்துவ நண்பர்களைக் கேட்டும், நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டிறுதி இருப்புச் சரிபார்ப்புக்காக அச்சங்கத்துக்குச் சென்றிருந்தோம். நூல் வழங்கிய பேரேட்டில் ஓர் அங்கத்தினரின் பக்கம் நம் கவனத்தை ஈர்த்தது. அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். முப்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் பருத்திச் சேலை நெய்பவர். ஒருமுறையேனும் கெடு தவறியவரல்லர். முந்தைய ஆண்டு வரையில் ஒரு பாவை 12 நாட்களில் நெய்து அறுத்துக் கொடுத்து வந்தவர், அவ்வாண்டின் தொடக்கத்தில் 16 நாட்களும், பின்னர் 20 நாட்களும், கடைசியாக ஒரு மாதமும் எடுத்துக்கொண்டிருந்தார். வெளி முதலாளி யாருக்கோ மறைவாக நெய்து கொடுக்கிறார் என்பதே சங்கத்தார் கொண்டிருந்த கருத்து. நாமும் அவ்வாறே ஐயுற்றோம் என்பதை மறைப்பதற்கில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் தயாரிக்கும்படி மேலாளரிடம் சொல்லிவிட்டு, தறியை நேரில் பார்வையிடச் சென்றோம்.

தறியில் சங்கத்தின் பாவுதான் இருந்தது. வேற்று நூல் ஒரு கழிகூட அவ்வீட்டில் இல்லை. அவர் நம்மைக் கண்டு எழுந்திருக்க முயன்றார். குழியிலிருந்து காலை எடுக்க இயலாமல் தறிக்கட்டையைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். கணுக்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. மிதிபலகையின் விளிம்பு அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. “படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார், ஐயா. இரண்டு மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார்” என்றார் அவருடைய மனைவியார். மேலும் விசாரித்ததில், ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவ முகாமில் அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதாகக் கூறி மாத்திரை கொடுத்திருந்தார்கள் என்பது தெரியவந்தது. மூன்று மாதம் உண்டார். “உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை, எதற்கு வீணாக மாத்திரை என்று நிறுத்திவிட்டேன்” என்றார் அவர்.

அன்று மாலையே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அழுத்தம் 190/110 இருந்தது. அழுத்தத்தால் இருதயம் தளர்ந்துவிட்டது என்றார் மருத்துவர். மேலாளர் தயாரித்து வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துவிடச் சொன்னோம்.

தளர்ச்சி என்பது யாது?

ஆங்கிலத்தில் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று இந்நோய்க்குப் பெயர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘இருதயச் செயலிழப்பு’ என எழுதும்போது, இருதயம் நின்றுவிட்டது போலும் என்று கேட்போர் கலங்குகின்றனர். அவ்வாறன்று. இருதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தைச் செலுத்த அதனால் முடிவதில்லை. ஆதலின் இக்கட்டுரையில் ‘இருதயத் தளர்ச்சி’ என்றே வழங்குவோம். இது மாரடைப்பினின்றும் வேறானது. மாரடைப்பு என்பது இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் திடீரென அடைபடுவது. நாழிகைக் கணக்கில் நேர்வது. தளர்ச்சியோ பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வளர்வது. நம் அங்கத்தினர் ஒருவர், “மார்வலி வரவில்லையே, ஆகவே இருதயம் நன்றாகத்தான் இருக்கிறது” என்று நம்மிடம் வாதித்ததுண்டு. மார்வலியே இல்லாமல் இருதயம் தளர்வது மிகச் சாதாரணம்.

இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் தடவை துடிக்கிறது; ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. அது சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரின் மீது உண்டாகும் அழுத்தமே மேல் எண். விரிந்து நிரம்பும்போது குழாயில் எஞ்சி நிற்கும் அழுத்தமே கீழ் எண். 140/90 அல்லது அதற்கு மேல், வெவ்வேறு நாட்களில் எடுத்தும் இருக்குமானால், அதுவே உயர் இரத்த அழுத்தம். இரண்டு எண்களுள் ஒன்று மட்டும் மிகுந்தாலும் மிகுதிதான்.

விவசாயிகளுக்கு இதை விளக்குவது எளிது. மோட்டார் ஓடும்போது வெளிக்குழாயின் வாயைக் குறுக்கினால் குழாயினுள் அழுத்தம் ஏறும். உடலிலும் இரத்தக் குழாய்கள் இறுகிக் குறுகும்போது இருதயம் அந்த எதிர்ப்பை மீறித் தள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் மோட்டாருக்கும் இருதயத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. இருதயம் தசையாலானது; எனவே பாரம் சுமக்கச் சுமக்க அது தடிக்கும். மூட்டை தூக்குபவரின் தோள் தடிப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். தோளுக்குள் அறை இல்லை. இருதயத்துக்குள் அறை உண்டு. சுவர் தடிக்கத் தடிக்க அது விறைத்துப்போகிறது.

முன்னாளில் கவலை இறைத்தவர்கள் இதைச் சட்டென விளங்கிக்கொள்வர். எண்ணெய் போட்டுப் பதமாக வைத்த தோல் சால் கிணற்றில் இறங்கியதும் வாய் விரிந்து நிறைய நீர் மொள்ளும். காய்ந்து விறைத்த சாலோ விரியாது. மாடுகள் எவ்வளவு வலுவாக இழுத்தாலும் மேலே வருவது அரைச் சால் நீர்தான். தடித்த இருதயத்தின் நிலையும் இதுவே. அது சுருங்குவதில் வலிமை குறையவில்லை. விரிந்து இரத்தத்தை ஏற்பதில்தான் குறை. ஏற்கப்படாத இரத்தம் பின்னால் தேங்குகிறது. பின்னால் இருப்பவை நுரையீரல்கள். எனவே மூச்சு முட்டுகிறது. இத்தகையோருக்கு எக்கோ என்னும் ஒலியலைப் படம் எடுத்தால், ‘பம்பு செய்யும் திறன் சரியாக உள்ளது’ என்றே அறிக்கை வரக்கூடும். அந்த ஒரு வரியைக் கண்டு நோய் இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது. சுவரின் தடிப்பைப் பற்றியும் விறைப்பைப் பற்றியும் மருத்துவர் கூறுவதைக் கேட்க வேண்டும்.

தடித்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சிலருக்குத் தசை களைத்து, அறை அகன்று, சுருங்கும் வலிமையும் போய்விடுகிறது. வேறொரு வழியும் உண்டு: உயர் அழுத்தம் இருதயத்தின் சொந்த இரத்தக் குழாய்களைக் கெடுத்து, மாரடைப்பு உண்டாக்கி, தசையில் ஒரு பகுதி செத்து, எஞ்சிய பகுதி பாரம் தாங்காமல் தளர்வது. இங்கே ஒரு விசித்திரத்தையும் குறிப்பிட வேண்டும். இருதயம் மிகவும் தளர்ந்த பின்னர், உயர்ந்திருந்த அழுத்தம் தானாகவே இறங்கிவிடுவதுண்டு. தள்ளுவதற்கு வலுவில்லாததால் இறங்குவது அது. ‘பிரஷர் நார்மலாகிவிட்டது’ என்று மகிழ்ந்து மருந்தை விடுவோர், கடன் கொடுக்கப் பணமே இல்லாத சங்கத்தில் புதிய பாக்கி விழவில்லை என்று மகிழ்வோரை ஒப்பர்.

ஒரு ஜனாதிபதியின் கணக்கு

இந்நோயின் போக்கை ஆண்டு வாரியாக எண்களோடு காட்டும் வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் 1935-இல் 136/78, 1937-இல் 162/98, 1941-இல் 188/105. அவருடைய சொந்த மருத்துவர் காது, மூக்கு, தொண்டை நோய்களில் தேர்ந்தவர். ஜனாதிபதி தம் வயதுக்கு ஏற்ற நல்ல நலத்துடன் இருக்கிறார் என்றே உலகுக்கு அறிவித்துவந்தார். 1944 மார்ச் மாத இறுதியில், மூச்சிரைப்பும் இருமலும் களைப்பும் மிகுந்த நிலையில், பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஹோவர்ட் புரூயன் என்னும் இளம் இருதய மருத்துவர் அவரைச் சோதித்தார். அழுத்தம் 186/108, இருதயம் பெருத்திருந்தது, நுரையீரல்களில் நீர் கோத்திருந்தது. இருதயத் தளர்ச்சி என்று புரூயன் துணிந்து கூறினார். டிஜிடாலிஸ் மருந்தும், உப்புக் குறைந்த உணவும், ஓய்வும் தரப்பட்டன. இரண்டு வாரங்களுக்குள் நுரையீரல்கள் தெளிந்தன. இருதயத்தின் பருமனும் குறைந்தது. ஆனால் மூலகாரணமான அழுத்தத்தை இறக்குவதற்குத் தக்க மருந்து அன்று எவரிடத்தும் இல்லை. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் அழுத்தம் 300/190-க்கு ஏறி, மூளையில் இரத்தக்குழாய் வெடித்து, 63-ஆம் வயதில் அவர் இறந்தார். இவ்விவரங்களைப் புரூயனே 1970-இல் மருத்துவ இதழொன்றில் எழுதி வெளியிட்டார்.

கணக்கு நோக்கும் பழக்கம் உடைய நமக்கு, 1937-ஆம் ஆண்டின் எண்தான் கண்ணில் உறுத்துகிறது. பாக்கி ஏறத் தொடங்கியது அன்று. அது பெரும் நஷ்டமாகக் காட்சியளித்தது ஏழு ஆண்டுகள் கழிந்த பிறகு. அன்று மருந்தில்லை, எனவே எவரையும் குறை கூறிப் பயனில்லை. நம் நெசவாளருக்கோ மருந்து கையில் இருந்தது.

அம்மருந்துகள் வந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தனர். பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அவ்வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைத் தம் நோயாளிகளிடம் கண்டு 1949-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். 1952-இல் அவ்வேரிலிருந்து ரெசர்பைன் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. (இதைப் படித்துவிட்டு எவரும் வேரைத் தேடிப் புறப்பட வேண்டாம். மனச்சோர்வு முதலிய தீங்குகளை உண்டாக்கவல்லது அது; அதனினும் சிறந்த மருந்துகள் இப்போது உள்ளன.) 1950-களின் பிற்பகுதியில் நீர் பிரிக்கும் மாத்திரைகளும் வந்தன.

இவற்றால் மெய்யாகவே பயனுண்டா என்பதை அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் பல ஒன்றுகூடி ஆராய்ந்தன. அவ்வாராய்ச்சியின் பெயரிலேயே ‘கூட்டுறவு’ என்னும் சொல் அமைந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. கீழ் எண் 90-க்கும் 114-க்கும் இடைப்பட்ட 380 ஆடவரின் முடிவுகள் 1970-இல் வெளிவந்தன. மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்கள் 194 பேர்; அவர்களுள் 11 பேருக்கு இருதயத் தளர்ச்சி உண்டாயிற்று. மருந்து உண்டவர்கள் 186 பேர். அவர்களுள் ஒருவருக்குக்கூட உண்டாகவில்லை. அம்மருந்துகளுள் ஒன்று மேற்சொன்ன ரெசர்பைன்.

‘வயதாகிவிட்டது, இனி மருந்தெதற்கு’ என்போருக்கும் விடையுண்டு. 80 வயதும் அதற்கு மேலும் ஆன 3,845 பேரிடம் செய்து 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருந்து உண்டவர்களிடையே இருதயத் தளர்ச்சி 64 சதவிகிதம் குறைந்தது. தலைவலி, மயக்கம் ஒன்றுமில்லையே என்போர்க்கு வேறொரு கணக்கு: அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 1948-இல் தொடங்கி ஊராரைத் தொடர்ந்து கவனித்துவந்தனர், அவர்களுள் தளர்ச்சி கண்டவர்களில் 100-க்கு 91 பேருக்கு அதற்கு முன்னரே உயர் இரத்த அழுத்தம் இருந்தது என்று 1996-இல் அறிவித்தனர். உலகில் 30 முதல் 79 வயது வரையிலானோரில் 128 கோடிப் பேருக்கு உயர் அழுத்தம் உண்டென்றும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதை அறியார் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கூறிற்று. அறியாததற்குக் காரணம், அழுத்தம் வலிப்பதில்லை என்பதே.

அளக்கும் முறை

கையில் பட்டி கட்டி அளக்கும் முறையை இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896-இல் கண்டார். பட்டிக்குக் கீழே குழாய் வைத்து ஒலி கேட்கும் முறையை ரஷ்யரான கொரோட்கோவ் 1905-இல் சேர்த்தார். இன்று மின்கலத்தில் இயங்கும் கருவியை எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் கையாளலாம். ஆனால் ஒழுங்காக அளக்க வேண்டும். தராசைச் சாய்த்துப் பிடித்து நூல் நிறுத்தால் எடை எவ்வாறு பொய்க்குமோ அவ்வாறே இதுவும் பொய்க்கும்.

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, தேநீர், புகையிலை, பீடி ஆகா. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரலாகாது. முதுகு சாய்ந்து, கால்கள் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். சட்டைக் கையின் மேல் பட்டி கட்டாமல் வெறும் புஜத்தில் கட்ட வேண்டும். கை மேசையின்மீது, இருதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பேசலாகாது. பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்து, இரண்டையும் எழுதிக்கொள்வது நலம். வீட்டில் அமைதியாக எடுக்கும்போது 135/85-ஏ மிகுதி எனக் கொள்ளப்படும். ஏனெனில், மருத்துவரைக் கண்டாலே அழுத்தம் ஏறுவோர் பலர்.

ஒரு சங்கத்தில் மகாசபைக் கூட்டத்தன்று, லாப ஈவு பற்றிய விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு மூலையில் அழுத்தம் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அன்று வரிசையில் நின்ற பெரும்பாலோருக்கு அழுத்தம் மிகுந்திருந்தது. நமக்கும்தான்.

நோய் கண்டவர்க்கு மருத்துவர் மார்பில் இ.சி.ஜி. எடுப்பார், வசதியுள்ள இடத்தில் எக்கோவும் எடுப்பார். இருதயச் சுவர் இழுபட்டு வருந்தும்போது அது இரத்தத்தில் விடும் பொருளை அளக்கும் சோதனையும் உண்டு. சிறுநீரும் சர்க்கரையும் சோதிக்கப்படும். இவை மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. நாம் கவனிக்க வேண்டியவை வேறு. முன்பு ஒரே மூச்சில் ஏறிய மேட்டில் இப்போது நின்று ஏறுதல். நீர்ச்சால் தூக்குவதில் திணறல். மாலையில் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுதல். ஒரு தலையணை போதாமல் இரண்டு, மூன்று வேண்டியிருத்தல். நள்ளிரவில் மூச்சடைத்து விழித்துச் சன்னலருகே போய் உட்காருதல். படுத்தால் வரும் வறட்டு இருமல். இவற்றை ‘வயசு’ என்றும், ‘வாயு’ என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுவது நம்மவர் வழக்கம். நெசவாளர்களிடம் நாம் கண்ட மற்றோர் அறிகுறியை முன்னரே கூறினோம்: பாவு அறுக்கும் நாட்கள் காரணமின்றிக் கூடுவது. இது எந்த மருத்துவ நூலிலும் இராது. எனினும் மேலாளர்கள் இதை மனத்தில் வைக்கலாம்.

அம்லோடிபின் என்னும் அழுத்த மாத்திரை உண்போரிற் சிலருக்கு அம்மாத்திரையாலேயே கால் வீங்குவதுண்டு. அதைத் தளர்ச்சி என்று அஞ்சவும் வேண்டாம். தாமாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நுரையோடு சளி, மார்வலி, மயக்கம் இவற்றுள் ஒன்று கண்டாலும் மறுநாளுக்கு ஒத்திவைக்காமல் 108 வண்டியை அழைக்க வேண்டும்.

உப்பும் வலி மாத்திரையும்

நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி மட்டம். குழம்பில் போடும் உப்பை மட்டும் கணக்கிட்டு, நாங்கள் குறைத்துத்தான் உண்கிறோம் என்பர் வீட்டிலுள்ளோர். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும், மோர் மிளகாயும், கருவாடும், அப்பளமும், வடகமும், டீக்கடை மிக்சரும் எந்தக் கணக்கில் எழுதப்படுகின்றன? மறைவான செலவு அங்கேதான் உள்ளது. ‘வெயிலில் வியர்வை சிந்துகிறோமே, உப்புக் குறையாதா?’ என்று விவசாய அங்கத்தினர்கள் கேட்பதுண்டு. சாதாரணச் சாப்பாட்டிலேயே தேவையான உப்பு வந்துவிடுகிறது. ஆயினும், நீர் பிரிக்கும் மாத்திரை உண்போர் கோடையில் வயலில் பாடுபடும்போது தலை சுற்றினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவைத் திருத்துவார். சோடியம் குறைந்த மாற்று உப்பில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிலவகை அழுத்த மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் அதை வாங்கலாகாது.

உப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நெசவாளர்க்கு அதற்கு இணையான மற்றொரு கேட்டைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. குழித்தறியில் நாள் முழுதும் குனிந்திருப்போர்க்கு முதுகுவலியும் இடுப்புவலியும் முழங்கால்வலியும் கூடப் பிறந்தவை. மாலையில் கடைக்குப் போய், ‘வலிக்கு ஒன்று கொடுங்கள்’ என்று வாங்கி விழுங்குகின்றனர். டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் முதலிய இவ்வகை மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் தேக்கி வைக்கச் செய்கின்றன, அழுத்தத்தை ஏற்றுகின்றன, அழுத்த மருந்தின் பயனையும் குறைக்கின்றன, தளர்ந்த இருதயத்தை ஒரே வாரத்தில் நீர் கோக்கும் நிலைக்குத் தள்ளக்கூடும். நாம் குறிப்பிட்ட நெசவாளர் நாள்தோறும் இரண்டு மாத்திரை வீதம் உண்டிருந்தார். மருத்துவர் கேட்டபோது, “மருந்து எதுவும் சாப்பிடவில்லை” என்றே கூறினாராம். வலி மாத்திரை அவர் எண்ணத்தில் மருந்தே அன்று. உறையை எடுத்துச் சென்று காட்டிய பிறகே விஷயம் வெளியாயிற்று. ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரை உறைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

புகையிலையும் மதுவும் கேடு என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடல் பருமனைக் குறைத்தலும், காய்கனி மிகுதியாக உண்ணுதலும், நாள்தோறும் நடத்தலும் அழுத்தத்தைக் குறைக்கும். விவசாயிகளுக்கு நடை இயல்பாகவே அமைந்துவிடுகிறது. உட்கார்ந்தே உழைக்கும் நெசவாளர்க்கு அஃது இல்லை. குழியில் மிதிப்பது நடையாகாதா என்று ஒருவர் கேட்டார். கால் அசைகிறதே தவிர உடல் முழுதும் இயங்குவதில்லை என்றோம், அவர் ஒப்பவில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கது

மாத்திரை விலையால் நிறுத்துவோர் இப்போது குறைவு. ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாத மருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கவும் ஏற்பாடாயிற்று. நிறுத்துவதற்குக் காரணம், நலமாக இருப்பதாக எண்ணுவதே. அளந்து பார்த்து 130/80 வந்தவுடன் நோய் தீர்ந்தது என்று எண்ணுகின்றனர். அந்த எண் மாத்திரையால் வந்தது. மடையில் பலகை போட்டு நீரைத் தடுத்தவன், நீர் வரவில்லை என்று பலகையை எடுத்துவிட்டால் என்னாகும் என்பதை வயலுக்குச் சொந்தக்காரர் அறிவார்.

நாம் குறிப்பிட்ட சங்கத்தின் நிர்வாகக் குழு, துணை விதிகளுக்கு உட்பட்டுப் பொது நல நிதியிலிருந்து புஜத்தில் கட்டும் கருவி ஒன்றும், எடை பார்க்கும் கருவி ஒன்றும் வாங்கத் தீர்மானித்தது. மணிக்கட்டில் கட்டும் கருவியை வாங்க வேண்டாம் என்று மருத்துவர் கூறியிருந்தார். அதில் பிழை மிகுதி. கூலி வாங்க வரும் நாளில், பணம் பெறுவதற்கு முன்னரே (பெற்ற பின்னர் எவரும் நிற்பதில்லை) 30 வயதைக் கடந்த அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பெஞ்சில் அமர்ந்து அளந்துகொள்வர். மனைவியரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பாவு ஓட்டவும், தார் சுற்றவும், சமைக்கவும் ஒருங்கே உழைக்கும் பெண்களின் அழுத்தத்தை எவரும் பார்ப்பதில்லை. 140/90-க்கு மேற்பட்டால் வேறு இரண்டு நாட்களில் மீண்டும் அளந்து, அப்போதும் மிகுந்தால் சுகாதார நிலையத்துக்குச் சீட்டெழுதி அனுப்புவர். 180/110-ஐ எட்டினால் அன்றே அனுப்புவர். எண்களை அங்கத்தினரின் சிறு புத்தகத்தில் எழுதிக் கொடுப்பர். சங்கப் பதிவேட்டை மேலாளர் பூட்டி வைப்பார். ஒருவருடைய அழுத்தம் அறிவிப்புப் பலகையில் ஒட்டத்தக்க விஷயமன்று. கடன் மனுவைப் பரிசீலிக்கும்போது அப்பதிவேட்டைப் புரட்டலாகாது என்றும் தீர்மானத்தில் எழுதச் சொன்னோம், எழுதினார்கள்.

தளர்ச்சி கண்டவர்க்கு எடை பார்க்கும் கருவியே பெருந்துணை. காலையில் சிறுநீர் கழித்த பின், உண்பதற்கு முன், நாள்தோறும் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் 2 கிலோ ஏறினால் அது சதையன்று, நீர். மூச்சு முட்டும்வரை காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். நம் நெசவாளர் இதைத் தவறாமல் செய்துவருகிறார். மருந்து தொடங்கி மூன்று வாரங்களில் அவரால் பாயில் படுத்துத் தூங்க முடிந்தது. தடித்த சுவர் முற்றிலும் பழைய நிலைக்கு வருவது அரிது என்றும், ஓரளவு மெலியக்கூடும் என்றும் மருத்துவர் கூறினார். இப்போது ஒரு பாவுக்கு 18 நாட்கள் எடுத்துக்கொள்கிறார். கனமான வேலைகளை மகன் பார்த்துக்கொள்கிறார். 12 நாட்களுக்கு அவர் இனித் திரும்பப்போவதில்லை. அந்த ஆறு நாட்களின் கூலி, ஆறு ஆண்டுக்கு முன் நிறுத்திய மாத்திரையின் விலை.

கருவி வாங்கும் சங்கங்கள் அதைச் சாமான் இருப்புப் பதிவேட்டில் உடனே வரவு வைக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை மருத்துவமனைக் கருவியோடு ஒத்துப் பார்த்து, அத்தேதியையும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த இருப்புச் சரிபார்ப்புக்கு வரும்போது நூல் கழிகளோடு இதையும் எண்ணிப் பார்ப்போம். அளவுப் பதிவேட்டில் கடைசியாக எழுதப்பட்டிருக்கும் தேதி எது என்பதையும் பார்ப்போம்.